மாப்பிள்ளைக்குக் கட்டிய பேட்டா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கட்டிய வீடு ஒழுகவில்லை. கசிந்தது. ஒழுகுவது வேறு, கசிவது வேறு. தேனியிலும் பழனிசெட்டிபட்டியிலும் தலை நரைக்கிற வரைக்கும் கட்டடம் கட்டியவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

இதை என் தங்கச்சி வீட்டுக்காரர் சுருளியிடம் சொன்னால் காதில் ஏறாது. ஓடைப்பட்டியில் அவருக்குத் திராட்சைத் தோட்டம். மனிதர் நல்லவர், உழைப்பாளி, குடி கிடையாது. ஒரு விஷயத்தைப் பிடித்தால் விடமாட்டார், அது ஒன்றுதான். நானும் விடமாட்டேன் என்று என் சம்சாரம் சங்கிலியம்மாள் சொல்வாள். அவள் எப்போதும் நாத்தனார் கட்சி, அதனால் அவள் பேச்சை இங்கே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாயக்காள் எனக்கு ஒரே தங்கச்சி. அவளுக்கு வீடு கட்ட வேண்டும் என்று சுருளி 1999இல் வந்து நின்றபோது, வெளியாளிடம் கொடுக்காதீர்கள் என்று நானே வேலையை வாங்கிக்கொண்டேன். பத்திரமும் எழுதினோம். "சொந்தத்துக்குள்ள என்னத்துக்கு மச்சான் பத்திரம்?" என்று கேட்டது அவர். "சொந்தம் நெலைக்கணும்ண்டுதான் மாப்ளே" என்று சொன்னது நான்.

வீடு முடிந்தது. பால் காய்ச்சினார்கள். கடைசித் தவணை அறுபத்தெட்டாயிரம் பாக்கி நின்றது. அந்த ஐப்பசியில் முதல் மழை பெய்து, பெரிய அறையில் சாமி படம் மாட்டியிருந்த மூலையில் சொட்டுச் சொட்டாக வந்தது. நான் பணம் கேட்கப் போன அன்று சுருளி என்னை அந்த மூலைக்குக் கூட்டிப்போய் நிறுத்தினார். கீழே ஒரு வெங்கலக் குண்டா இருந்தது.

"ஒழுகுற வீட்டுக்கு என்ன மச்சான் பாக்கி?"

"ஒழுகலை மாப்ளே. கசியுது."

"அப்பச் சரி. காசும் கசியும். வர்றப்ப வரும், வாங்கிக்கங்க."

பாக்கியைக் கொடுங்கள், அடைத்துத் தருகிறேன் என்றேன். அடைத்துத் தாருங்கள், பாக்கியைத் தருகிறேன் என்றார். இப்படியே மாதக்கணக்கில் பேசினோம். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, நான் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். உத்தமபாளையத்தில் வழக்குப் போட்டேன்.

அவர்கள் கொடுத்த பதிலைப் படித்துவிட்டு என் வக்கீல் சங்கரலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். கூரை ஒழுகுகிறது என்பது இரண்டாவதுதானாம். முதல் வாதம், அந்தப் பாக்கித் தொகை அண்ணன் தங்கச்சிக்குச் செய்த சீர், அதனால் கடனே கிடையாது என்பதுதான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. சீர் என்பது நான் கொண்டுபோய்க் கொடுப்பது. அவர்களாக எடுத்துக்கொண்டு அதற்குச் சீர் என்று பெயர் வைப்பது அல்ல. எங்கப்பா அம்மாவாசி போன பிறகு ஒரு பொங்கல் தவறியதில்லை. பச்சரிசி, வெல்லம், மண்பானை, மஞ்சள்கொத்து, ஒரு கட்டுக் கரும்பு, மாயக்காளுக்குச் சேலை என்று பஸ் மேலே ஏற்றிக்கொண்டு நானே போய் இறக்கிவிட்டு வருவேன். அதைப் போய் கோர்ட்டில் இழுக்கலாமா?

"இந்த வருசம் சீர் அனுப்பாதீங்க" என்றார் வக்கீல். "அனுப்பினா அவங்க வாதத்துக்கு நீங்களே சாட்சி கொடுத்த மாதிரி ஆயிரும். வழக்கு முடியட்டும்."

சட்டம் தெரிந்தவர் சொல்கிறார், கேட்டேன். அந்தப் பொங்கலுக்குப் போகவில்லை. வழக்கு முடியவில்லை, அடுத்த பொங்கலுக்கும் போகவில்லை. வீட்டில் சங்கிலியம்மாள் இரண்டு பொங்கலுக்கும் பொங்கல் வைத்துவிட்டு எனக்கு மட்டும் அதை இலையில் வைக்காமல் சட்டியோடு தள்ளிவிட்டாள்.

மூன்றாம் வருடம் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். ஏறுவதற்கு முன்னால் சங்கரலிங்கம் என்னைப் புளியமரத்தடியில் நிறுத்தி, "உறவுங்கற பேச்சே வாயில வரக்கூடாது. நீங்க காண்ட்ராக்டர், அவர் பார்ட்டி. அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது" என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினார். அவர்களுடைய வக்கீல் எழுந்தார்.

"பிரதிவாதியின் மனைவி மாயக்காள் உங்களுக்கு என்ன வேண்டும்?"

"பார்ட்டியோட சம்சாரம்."

"உங்கள் உடன்பிறந்த தங்கை இல்லையா?"

"இந்தக் கட்டடத்தைப் பொறுத்த மட்டுக்கும் இல்லை."

நல்ல பதில் என்று என் வக்கீல் தலையை ஆட்டினார். பின் பெஞ்சில் மாயக்காள் உட்கார்ந்திருந்தாள். மடியில் தூக்குச்சட்டி. புளிச்சோறும் துவையலும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள், எனக்கும் சேர்த்துத்தான். வழக்கு ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான். வாய்தா அன்று பிரதிவாதியும் வாதியும் ஒரே சட்டியில் சாப்பிடுவோம், சாப்பிட்டுவிட்டுத் தனித்தனியாகப் போவோம். அன்றைக்கு அவள் தூக்குச்சட்டியைத் திறக்காமலே எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அதோடு பேச்சு நின்றது. கோபம் என்றால் இரண்டு வார்த்தை திட்டுவாள், நானும் திட்டுவேன், முடிந்துபோகும். இது அப்படி இல்லை. என்னைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டி வந்தால் "காண்ட்ராக்டர்" என்று சொன்னாள். எனக்கு அந்த அறுபத்தெட்டாயிரம் வேண்டும், அதில் சந்தேகம் இல்லை. அதைவிட அவள் வாயால் ஒரு தடவை "அண்ணே" என்று கேட்க வேண்டும் என்று இருந்தது. அதற்கு எந்தக் கோர்ட்டில் மனுப் போடுவது என்று தெரியவில்லை.

கோர்ட்டு ஒரு கமிஷனரை அனுப்பி வீட்டைப் பார்க்கச் சொன்னது. அவர் வந்தது சித்திரை மாதம். சுருளி மொட்டை மாடிக்கு ஏறி குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினார். ஒரு சொட்டு இறங்கவில்லை. அது வாடைக்காற்றோடு வரும் மழைக்கு மட்டும்தான் இறங்கும், குடத்துத் தண்ணீருக்கு இறங்காது. கமிஷனர் சுவரைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்து கிடந்தது, எழுதிக்கொண்டு போய்விட்டார். சுருளி அன்று சாயங்காலம் வரைக்கும் மாடியிலிருந்து இறங்கவே இல்லை என்று கேள்விப்பட்டேன்.

2004இல் தீர்ப்பு வந்தது. எனக்குத்தான் ஜெயம். அறுபத்தெட்டாயிரம், வட்டி, செலவுத்தொகை. பங்களாமேட்டில் ஒரு கடையில் தீர்ப்பு நகலை லேமினேஷன் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டினேன். பணம் வசூலிக்க மனுப் போட வேண்டும், அந்த நகலைக் கொடுங்கள் என்று வக்கீல் கேட்டார். பிளாஸ்டிக்கோடு கொடுத்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேறு நகலுக்கு மனுப் போட்டார். அதற்கும் நான்தான் பணம் கட்டினேன்.

ஜப்திக்கு உத்தரவு வந்தது. கோர்ட்டு அமீனாவும் அவர் கூட ஒரு பியூனும் நானும் ஓடைப்பட்டி போனோம். பொருளை அடையாளம் காட்டுவது என் வேலை. முதலில் பீரோ. கதவில் எழுதியிருந்ததை அமீனா வாசித்தார்.

"மா. அம்மாவாசி அன்பளிப்புண்டு போட்டிருக்கு. யாரு இவரு?"

"எங்கப்பா."

"பிரதிவாதிக்கு?"

"மாமனார்."

அமீனா கட்டிலைப் பார்த்தார், அம்மாவாசி. அண்டாவைப் பார்த்தார், கழுத்தில் பெயர் வெட்டியிருந்தது, அம்மாவாசி. குத்துவிளக்கு, குடம், தாம்பாளம், எல்லாம் அம்மாவாசி. டிவியில் பெயர் இல்லை. அது பால் காய்ச்சிய அன்று நான் கொடுத்தது. சீராக வந்த பொருள் எல்லாம் பெண்ணுக்குச் சொந்தம், அதில் கை வைக்க முடியாது என்றார் அமீனா. மருந்தடிக்கிற மெஷின் சுருளிக்குச் சொந்தம், ஆனால் விவசாயக் கருவி என்பதால் அதிலும் கை வைக்க முடியாதாம். கை வைக்கக்கூடியது சுருளியின் வண்டி மட்டும்தான், அது அன்று பார்த்துச் சின்னமனூர் போயிருந்தது. மாயக்காள் அமீனாவுக்கு ஒரு டம்ளர் காப்பியும், பியூனுக்கு ஒரு டம்ளர் காப்பியும் கொண்டுவந்து வைத்தாள். மூன்றாவது டம்ளர் வரவில்லை. வெறும் கையோடு திரும்பினோம்.

"இடமும் தோட்டமும் இன்னும் அவர் ஆத்தா பேர்லயே இருக்கு" என்றார் சங்கரலிங்கம். "பொருள் எல்லாம் உங்க அப்பா பேர்ல இருக்கு. மிச்சம் இருக்கறது ஆள்தான்."

"ஆளை என்ன செய்ய?"

"சிவில் ஜெயில்ல போடலாம். வசதி இருந்தும் வேணும்னே கட்டலைன்னு நாம நிரூபிக்கணும். அதுதான் கஷ்டம்."

கஷ்டமே இல்லை. 2006 ஐப்பசியில் நீதிபதி சுருளியைக் கூப்பிட்டு, பணம் கட்ட வசதி இருக்கிறதா என்று கேட்டார்.

"இருக்குங்கய்யா. போன வெள்ளாமைக்குப் பழம் வித்த காசு பேங்குல கெடக்கு."

"பிறகு ஏன் கட்டவில்லை?"

"கட்டக்கூடாதுண்டுதான்யா."

அவருடைய வக்கீல் மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். என் வக்கீல் நிரூபிக்க வைத்திருந்த கட்டைப் பிரிக்கவே இல்லை. பேங்குக் காசை ஜப்தி பண்ண இன்னொரு மனு, இன்னும் ஒரு வருடம் ஆகும் என்றார். சிவில் ஜெயிலுக்கு உத்தரவு ஆனது. மாப்பிள்ளையை ஜெயிலுக்கு அனுப்புகிறோமே என்று அப்போதுதான் தோன்றியது. அதற்குள் கோர்ட்டு எழுத்தர் என்னைக் கூப்பிட்டார்.

"பேட்டா கட்டுங்க."

"யாருக்கு?"

"உள்ள போறவருக்கு. சாப்பாட்டுச் செலவு. மாசா மாசம் முன்கூட்டியே கட்டணும். கட்டலைன்னா விட்டுருவாங்க."

"அவரு திங்கிறதுக்கு நான் எதுக்குக் கட்டணும்?"

"நீங்கதான உள்ள போடச் சொன்னீக?"

பக்கத்தில் நின்ற சுருளி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "சாப்பாடு மச்சான் காசுலயா?" என்று எழுத்தரிடம் மறுபடியும் உறுதி செய்துகொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"இருவது வருசத்துக்கு மேல ஆச்சு மச்சான். இப்பவாச்சும் எனக்கு ஒரு விருந்து வைக்கணும்ண்டு ஒங்களுக்குத் தோணுச்சே."

இதை விளக்க வேண்டும். கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்தபோது எங்கள் வீட்டில் கிடா வெட்டி விருந்து வைத்தோம். அன்றைக்கு நல்லி எலும்பு தன் இலைக்கு வரவில்லை, தேவதானப்பட்டியிலிருந்து வந்த எங்கள் சித்தப்பா மருமகன் இலைக்குப் போய்விட்டது என்பது சுருளியின் கட்சி. சட்டியில் இரண்டு நல்லி எலும்பு இருந்தது, ஆளுக்கு ஒன்று வைத்தேன் என்பது என் கட்சி. பரிமாறியவன் நான், எனக்குத் தெரியாதா? இந்த வழக்கு மட்டும் இன்னும் எந்தக் கோர்ட்டிலும் தீரவில்லை.

ஒரு மாதம் கழித்து அடுத்த பேட்டா கட்டப் போனபோது ஜெயிலில் அவரைப் பார்த்தேன். சதை போட்டிருந்தார்.

"எப்படி இருக்கீக மாப்ளே?"

"ஒரு கொறையும் இல்ல மச்சான். காலைல உப்புமா, மத்தியானம் சோறு, எல்லாம் ஒங்க புண்ணியம். இங்கன வார்டன்கூட என்னை மாப்பிள்ளைண்டுதான் கூப்பிடுறாரு. கறிதான் சரியா வர மாட்டேங்குது. பேட்டாவைக் கொஞ்சம் கூட்டிக் கட்டப் பாருங்க."

"பணத்தைக் கட்டிட்டு வெளிய வாங்க மாப்ளே. வீட்டுல வச்சு ஆக்கிப் போடுறேன்."

"ஒழுகுற வீட்டுக்கா? இங்கன ஒழுகலை மச்சான். கட்டினவன் நல்ல மேஸ்திரி."

அதற்கு மேல் அங்கே நிற்க எனக்கு என்ன இருக்கிறது? வந்துவிட்டேன்.

அந்த வாரம் மாயக்காள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நாற்காலி போட்டு நான்தான் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தாண்டிப்போய் நிலைப்படியில் நின்றாள்.

"மதினி, காண்ட்ராக்டர் இருக்காரா?"

சங்கிலியம்மாள் என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "இருக்காக" என்றாள்.

"பார்ட்டியோட சம்சாரம் வந்துருக்கேண்டு சொல்லுங்க."

நான் கூண்டில் சொன்ன வார்த்தை. மூன்று வருடமாக அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

"தோட்டத்துல கொடிக்கு அடிச்சாம்பல் நோவு விழுந்துருச்சு. மழ விட்டாத்தான் வருவோம்ண்டு கூலியாளுக சொல்றாக. அவுக உள்ள இருக்காக. பேங்குல இருக்கற காசுக்குக் கையெழுத்துப் போட மாட்டேங்குறாக. இந்தப் பழம் தேறுனா நான் வித்துக் காண்ட்ராக்டருக்குக் கட்டிட்டு, பொங்கலுக்கு முன்னாடி அவுகளைக் கூட்டியாந்துருவேன். பழம் போச்சுண்டா ரெண்டு பேருக்கும் இல்ல. அதச் சொல்லத்தான் வந்தேன்."

சங்கிலியம்மாள் நீட்டிய காப்பியை வாங்கவில்லை. போய்விட்டாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஓடைப்பட்டிக்குக் கிளம்பினேன். மழை நாளில் எனக்கும் வேலை கிடையாது, சும்மா இருப்பதற்கு அங்கே போய் இருக்கலாம் என்றுதான் போனேன். அழுதுகொண்டே போனேன் என்று சங்கிலியம்மாள் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். பஸ் ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, சாரல் அடித்தது.

கொடிக்கு மருந்து என்பது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்தது. துத்தம் எனக்குத் தெரியாது, சுண்ணாம்பு என் சரக்கு. வாயைக் கட்டிக்கொண்டு, மெஷினை முதுகில் மாட்டிக்கொண்டு, கல்தூண் பந்தலுக்கு அடியில் குனிந்து குனிந்து அடித்தேன். மழை வந்து கழுவிவிட்டுப் போகும். மறுபடியும் கரைத்து மறுபடியும் அடிப்பேன். யோசித்துப் பார்த்தால், என் கடன்காரருக்கு ஜெயிலில் நான் சோறு போடுகிறேன், வெளியில் அவர் தோட்டத்தை நான் பார்க்கிறேன். தீர்ப்பில் யாருக்கு ஜெயம் என்று நடுவில் நின்று ஒரு தடவை யோசித்தேன், பிறகு அடுத்த வரிசைக்குப் போனேன்.

மாயக்காள் பக்கத்திலேயே நின்று வேலை பார்ப்பாள். என்னிடம் பேசமாட்டாள். கூட வேலை செய்த மொக்கம்மாள் என்ற கூலிக்காரப் பெண்ணிடம் பேசுவாள்.

"மொக்கம்மா, காண்ட்ராக்டரு அந்த மூலையில அடிக்காம விட்டுட்டாரு."

மொக்கம்மாள் என் பக்கம் திரும்புவாள். "அந்த மூலையில அடிக்காம விட்டுட்டீகளாம்."

"அடிச்சாச்சுண்டு சொல்லு."

"அடிச்சாச்சாம்."

இரண்டு நாளில் மொக்கம்மாளுக்கு அலுத்துவிட்டது. "எனக்கு இதுக்குத் தனிக் கூலி போட்டுக் கொடுங்க" என்றாள்.

ஒருநாள் மத்தியானம் வாடைக்காற்றோடு நல்ல மழை பிடித்துக்கொண்டது. மொக்கம்மாள் மூலமாக எனக்கு உள்ளே வரச் சொல்லி உத்தரவு வந்தது. ஆறு வருடத்துக்கு அப்புறம், ஜப்திக்கு வந்ததைத் தவிர்த்து, நான் கட்டிய வீட்டுக்குள் போய் உட்கார்ந்தேன். நல்ல வீடு. சுவர் நூல் பிடித்த மாதிரி இருந்தது. சாமி படத்தை எதிர்ச் சுவருக்கு மாற்றியிருந்தார்கள். மூலையில் வெங்கலக் குண்டா இருந்தது.

முதல் சொட்டு விழுந்தது. பிறகு நிற்கவில்லை. மாயக்காள் அடுப்படியிலிருந்து வந்தாள், நிறைந்த குண்டாவை எடுத்துக்கொண்டுபோய் முற்றத்தில் ஊற்றினாள், திரும்ப வைத்தாள். என்னை முறைக்கவில்லை, பெருமூச்சு விடவில்லை, சொட்டு விழுகிற இடத்தைக்கூடப் பார்க்கவில்லை. கை தானாக அந்த இடத்தில் வைத்தது. குண்டாவின் விளிம்பில் எங்கப்பா பெயர் இருந்தது.

இது எல்லாம் வழக்கில் இருக்கிற விஷயம்தான், எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் காகிதத்தில் இருந்தபோது அவள் குனிந்து நிமிர்வது அதில் இல்லை. அவள் மூன்றாம் தடவை வந்தபோது குண்டாவை நான் எடுத்தேன். விட்டுவிட்டாள். நான் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்து வைத்தேன். மழை விடுகிற வரைக்கும் நான்தான் ஊற்றினேன்.

வெயில் முகம் காட்டியதும் மாடிக்கு ஏறினேன். கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேருகிற இடத்தில் காரணம் இருந்தது. என்ன காரணம் என்று நான் சொல்லப்போவதில்லை. தேனியிலிருந்து சிமென்ட்டும் தளத்தில் பதிக்கிற தட்டோடும் வரவழைத்து, அந்த மூலையைக் கொத்தி எடுத்து, வாட்டம் பார்த்து, நானே குந்தி உட்கார்ந்து புதிதாகப் போட்டேன். கொத்தும் சத்தம் கேட்டு மாயக்காள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், மழைக்காலத்தில் எல்லா வீட்டுக்கும் செய்வதுதான் என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

அடுத்த வாடை மழைக்கு அவள் வழக்கம்போலக் குண்டாவை எடுத்துவந்து மூலையில் வைத்தாள். வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தாள். குண்டா காய்ந்து கிடந்தது. கூரையைப் பார்த்தாள். சுவரைத் தடவினாள். பிறகு குண்டாவுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மழை நின்று வெகு நேரம் ஆன பிறகுதான் எழுந்து, அதைப் புளி போட்டு விளக்கிப் பரணில் வைத்தாள்.

"மொக்கம்மா, காண்ட்ராக்டருக்குக் காப்பி வேணுமாண்டு கேளு."

"வேணும்ண்டு சொல்லு" என்றேன். மொக்கம்மாள் அந்த நேரம் அங்கே இல்லவே இல்லை.

பழம் தேறியது. மார்கழிக் கடைசியில் கேரளா வியாபாரி வந்து வெட்டி எடுத்துக்கொண்டு போனார். விலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பொங்கலுக்கு முந்தின வாரம் மாயக்காள் உத்தமபாளையத்துக்கு வந்தாள். சங்கரலிங்கத்தின் அறையில் நானும் இருந்தேன். மஞ்சப்பையிலிருந்து பணத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அசல், வட்டி, செலவுத்தொகை, எல்லாம் சரியாக இருந்தது. ஜெயிலில் நான் கட்டிய பேட்டாவும் செலவில் சேரும் என்று வக்கீல் சொன்னார். அதையும் வைத்தாள்.

"பேட்டா வேண்டாம்" என்றேன் நான்.

"வாங்கிக்கச் சொல்லுங்க சார்" என்றாள் அவள். "எல்லாம் கணக்குப்படி இருக்கட்டும்."

வாங்கிக்கொண்டேன். கடன் முழுவதும் தீர்ந்தது என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டேன். ஆறு வருடமாகக் கேட்ட பணம் கையில் இருக்கிறது, ஒரு சந்தோஷமும் இல்லை. இதோடு இவளுக்கும் எனக்கும் பேச ஒரு மொக்கம்மாள்கூட மிச்சம் இல்லை என்று தோன்றியது.

மாயக்காள் மஞ்சப்பையை மடித்து இடுப்பில் செருகினாள். "எல்லாம் முடிஞ்சுதா வக்கீல் சார்?"

"முடிஞ்சதும்மா. மதியமே உங்க வீட்டுக்காரர் வெளிய வந்துருவார். இனிமே இவருக்கும் உங்களுக்கும் ஒண்ணும் கிடையாது."

"காண்ட்ராக்டரு கணக்கு தீந்துருச்சு."

"தீந்துருச்சு."

"சரி." அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். மூன்று வருடத்துக்கு அப்புறம் என்னை நேராகப் பார்த்தாள். "அண்ணே, பொங்கச்சீர் எங்க?"

கையில் இருந்த பணக்கட்டை மேசையில் வைத்தேன்.

"வழக்குப் போட்டதுலருந்து நீ அனுப்பலை. ஆறு பொங்கல் பாக்கி. வர்ற பொங்கலோட ஏழு. எப்பத் தர்றே?"

சங்கரலிங்கம் தொண்டையைச் செருமினார். பாவம், அவர் தொழில் அது. "ஒரு விஷயம். இந்த மாதிரி பாக்கி எல்லாம் மூணு வருசத்துக்கு மேல போனா காலாவதி. சட்டப்படி பார்த்தா நீங்க மூணு பொங்கலுக்குத்தான்..."

"ஐயா, உங்க பீஸை வாங்கிட்டீங்கள்ல? சும்மா இருங்க" என்றேன். அவள் பக்கம் திரும்பினேன். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கணக்கை நான் மறுக்கவில்லை. "ஏழுதான். கணக்கு சரி. தர்றேன்."

"வட்டி வேணாம்" என்றாள் மாயக்காள். "ஒன்ன மாதிரி நான் வட்டியெல்லாம் போட மாட்டேன். நான் தங்கச்சி."

அதற்கு மேல் அந்த அறையில் என்னால் உட்கார முடியவில்லை. வெளியே வந்து புளியமரத்தடியில் நின்று மூக்கைச் சிந்தினேன். அங்கே சாரல் எதுவும் அடிக்கவில்லை.

மறுநாள் காலையில் சுருளி போன் பண்ணினார். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக மாடிக்கு ஏறியிருக்கிறார்.

"சாட்சியை அழிச்சுட்டீகளே மச்சான். ஒழுகலைண்டு சத்தியம் பண்ணுனவரு, என்னத்துக்கு அடைச்சீக?"

"ஒழுகலை மாப்ளே."

"கசிஞ்சுச்சு."

"ஆமா."

"இன்னும் பத்து நாளைக்குப் பேட்டா இருந்துச்சு, அதுக்குள்ள இழுத்தாந்துட்டா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பொங்கலுக்கு முந்தின நாள் தேனியில் ஒரு குட்டியானை வண்டியை வாடகைக்குப் பிடித்தேன். ஏழு மண்பானை, ஏழு மரக்கால் பச்சரிசி, ஏழு சிப்பம் வெல்லம், ஏழு கொத்து மஞ்சள், ஏழு கட்டுக் கரும்பு, ஏழு சேலை. சேலையைச் சங்கிலியம்மாள் எடுத்தாள், ஏழும் ஏழு விலையில். கறிக்கடையில் சொல்லி இரண்டு நல்லி எலும்பைத் தனியாகக் கட்டி வாங்கிக்கொண்டேன். ஒன்று போதும்தான். ஆனால் இரண்டு இருந்தது என்பதுதான் என் கட்சி.

வண்டி ஓட்டுகிறவர் சின்ன வயசுக்காரர். கரும்பைக் கட்டிவிட்டு இறங்கி, பானைகளை ஒரு தடவை எண்ணிப் பார்த்தார்.

"எந்தெந்த ஊருக்குப் போகணும்ண்ணே? ஏழு தங்கச்சியா?"

"ஒண்ணுதான்" என்றேன். "ஓடைப்பட்டிக்கு விடு."